குத்துமதிப்பு

கரடியின் பாதம்
ஆயிரத்து ஐந்நூற்று அறுபது புள்ளி அகலம்.
ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று
கோப்பைக் கேட்டால்
வாயில் கொழுக்கட்டை.

லாங்யர்பியனில் நவம்பர்.
சூரியன் போய் மூன்று வாரம்.
ஆளுநர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
ஈரக் கையுறையை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள் ராக்ன்ஹில்ட் மோ.
"லிகாயா, இது குட்டியா, வளர்ந்ததா?"

டோர்கிரிம் ஔனே சுட்டது ஏப்ரலில்.
குடிசைக் கதவுவரை வந்தது,
எழுந்து நின்றால் என்னைவிட உயரம், என்கிறான்.
அடிபட்டது கடல்பனிமேல் நடந்து போய்விட்டது.
கடல்பனியும் போய்விட்டது.
மிஞ்சியது ஒரு தடம்,
அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து
யாரோ மார்க்கரால் சுற்றிய கோடு.
அந்தத் தாளை ஸ்கேன் செய்தவள் நான்.
மூலம் ட்ரோம்சோவுக்குத் தபாலில் போனது.
உறை மட்டும் போய்ச் சேர்ந்தது.

தெரியாது என்று சொல்ல
மென்பொருளுக்கு வராது.
தானே எழுபத்திரண்டு என்று வைத்துக்கொண்டது:
ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.
தாள்களை ஒட்டித் தரையில் பரப்பினோம்.
ராக்ன்ஹில்ட் கம்பளிக் காலுறையோடு உள்ளே போய் நின்றாள்.
இரண்டு காலும் அடங்கின,
எனக்கும் இடம் இருந்தது.

முந்நூறு என்று கொடுத்தால் பதின்மூன்று.
தாயின் பின்னால் நடக்கவேண்டிய வயது.
அறுநூறு என்றால் ஆறரை.
"நரி" என்றாள். சிரிக்கவில்லை.

கோடு அதே கோடு.
ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை.

சொல்லிவிடுகிறேன்.
கூடுதல் விவரங்களை நீக்கு என்ற கட்டத்தில்
டிக் போட்டது நான்.
கோப்பு சிறுக்கும் என்றார்கள், சிறுத்தது,
ஒரு குறுஞ்செய்தி அளவுக்கு.
அன்று காலையில் எடுத்தவை இருநூறு, மாலையில் முந்நூறு.
இதை எப்போது எடுத்தேன் என்பதும்
அந்த டிக்கோடு போயிற்று.

ஆறு மணிக்குமேல்தான் கண்ணில் பட்டது:
இடது ஓரத்தில் நிழல் கட்டிய ஒரு வட்டம்.
ஃபைலில் கோக்கக் குத்திய துளை.
துளை என்றால் ஆறு மில்லிமீட்டர்,
துளைக்கும் துளைக்கும் நடுவே எண்பது.
இரண்டும் இருந்திருந்தால்
அப்போதே வீட்டுக்குப் போயிருப்போம்.
பார்க்க அழகாக இருக்கட்டும் என்று
மற்றதை வெட்டியதும் நான்தான்.

குறுக்கே நாற்பத்தேழு புள்ளி எண்ணினேன்.
இரண்டாம் முறை நாற்பத்தெட்டு.
குத்தும் இயந்திரம் மழுங்கியிருந்தால் ஐந்தரை மில்லி,
தாள் கிழிந்திருந்தால் ஆறரை.
பேனாவால் கணக்குப் போட்டாள் ராக்ன்ஹில்ட்:
பதினெட்டிலிருந்து இருபத்தொன்றரை வரை.
குத்திய துளை தந்த குத்துமதிப்பு.

"வளர்ந்ததுதான்" என்றேன்.
டோர்கிரிம் பொய் சொல்லவில்லை என்று
எனக்கே ஒரு நிம்மதி.
அவள் பேனாவை மூடவில்லை.
"இந்த அளவு என்றால் பெண்ணாக இருக்கும்.
ஏப்ரலில் பெண் தனியாக வந்ததா?"

அதே ஃபோல்டரில் இன்னொரு படம் உண்டு.
இத்தனை நாள் அதை
இதே பாதத்தின் சின்ன நகல் என்று
திறக்காமல் வைத்திருந்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது புள்ளி.
அதே ஐந்து விரல், அதே மார்க்கர்.
ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறது.
துளை இல்லை.

அவள் குனிந்து
திரைமேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.
நான் மவுஸைச் சுழற்றினேன்.
பாதம் அவள் கையைத் தாண்டி வளர்ந்தது.
திருப்பிச் சுழற்றினேன்,
விரல்களுக்குள் ஒடுங்கியது.

எங்கே நிறுத்த, என்று கேட்டேன்.